விலை சொல்லாத சேனல்

“…சொல்லிப்புடலாம் தாயி, சொல்றதுக்கு வாய் இருக்கு. சொன்ன பெறகு அதத் திருப்பி வாங்கிட்டு வர்றதுக்கு யாரு இருக்கா?”

இது அவர் லைவில் சொன்னது. ஆயிரம் பேருக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்த லைவ். போனைத் தாங்கி நின்றது மூணு கால் ஸ்டாண்டு. பக்கத்தில் நின்று கமெண்டு வாசித்துக்கொண்டிருந்தது நான். அந்த வீடியோ இன்னும் என் போனில் இருக்கிறது. போன வாரம்கூட, வெள்ளை உடுப்பு போட்ட ஒரு நர்சிங் காலேஜ் பிள்ளை கடைக்கு வந்து, “யக்கா, அந்த லைவ் இருக்கா? ஒரு தடவ பாத்துக்கிறேன்” என்று கேட்டு வாங்கி, நின்றபடியே பார்த்துவிட்டு மதுரை பஸ்ஸுக்குப் போனாள். அவள் யார் என்பதை அந்த இடம் வரும்போது சொல்கிறேன். முதலில் அவரைச் சொல்ல வேண்டும்.

எனக்குத் திருச்சுழியில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே ஒரு செல்போன் கடை. ரீசார்ஜ், கவர், ஜெராக்ஸ், இத்தனைக்கும் நான் ஒருத்திதான். அவர் ஆட்டுத் தரகர். விற்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் நடுவில் நிற்கிறவர். ஊர் முறைக்கு எனக்குச் சித்தப்பா. சந்தையில் யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. “துண்டுக்காரர் வந்துட்டாரா?”, “துண்டுக்காரரக் கேளு, அவரு சொன்னாச் சரி.” அவ்வளவுதான் அவர் பேர்.

சந்தை பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். பழைய ஆட்கள் ஆட்டு விலையை வாயால் பேச மாட்டார்கள். ரெண்டு பேர் கையை நீட்டுவார்கள், மேலே ஒரு துண்டு விழும், துண்டுக்குள் ஒருத்தர் விரலை ஒருத்தர் பிடிப்பார். எத்தனை விரல் பிடித்தால் எவ்வளவு, எதை மடக்கினால் பாதி என்று அதற்கு ஒரு கணக்கு. வாய் மட்டும், “இல்லண்ணே, கட்டாது”, “இன்னும் செத்த மேல வாங்க” என்று பேசிக்கொண்டிருக்கும். சுற்றி நூறு பேர் நின்றாலும் என்ன விலைக்கு முடிந்தது என்பது அந்த ரெண்டு கைக்குத்தான் தெரியும். காரியாபட்டிப் பக்கம் எல்லாத் தரகரும் ஒரு காலத்தில் துண்டு போட்டவர்கள்தான். இவர் மட்டும் துண்டை விட மாட்டேன் என்று நின்றவர். சிவப்புக் கரை போட்ட ஈரிழைத் துண்டு. துவைத்துத் துவைத்துக் கரை மங்கிப்போயிருக்கும்.

பெண்கள் ஆடு கொண்டுவந்தால் கையைப் பிடிக்க முடியாதே, அதற்கு இடுப்பில் ஒரு சுருக்குப் பை, பை நிறையப் புளியங்கொட்டை. துண்டைத் தரையில் விரிப்பார். கொட்டையை அந்த அம்மா கையில் கொடுத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு வானத்தில் மழை வருதா என்று பார்ப்பார். எங்கள் வானத்தில் என்ன இருக்கிறது பார்க்க! அந்த அம்மா தனக்கு வேண்டிய விலைக்குத் தக்கபடி துண்டுக்கடியில் கொட்டை வைத்ததும், கையை விட்டுத் தடவித் தெரிந்துகொள்வார்.

முதன்முதலில் என் கடைக்கு வந்து போனுக்கு டெம்பர் கிளாஸ் கேட்டபோதே கண்ணாடிப் பெட்டி மேல் துண்டை விரித்துவிட்டார்.

“சித்தப்பா, ரேட்டுதான் இந்தா ஒட்டியிருக்கே.”

“ஒட்டியிருக்கிறது ஊருக்கு. எனக்கு என்ன வெல?”

சிரித்துக்கொண்டே நான் கொட்டையை வைத்தேன். தடவிப் பார்த்தார். அதில் ஒரு கொட்டையை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டு, “சரியா?” என்றார். பேரம் முடிந்தது. எத்தனை கொட்டை என்று இப்போதும் நான் சொல்ல மாட்டேன். அவரோடு பழகியதில் எனக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது.

சித்தி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். “இந்த மனுசன் பொண்ணு பாக்க வந்தன்னைக்கு, பிடிச்சிருக்கான்னு கேட்டாகளாம். வாயத் தொறக்கல. தோள்ல கெடந்த துண்டத் தடவிக்கிட்டே உக்காந்திருந்தாரு. எங்கய்யாதான், சரி மாப்ளைக்குச் சம்மதம்னு அவராச் சொல்லிக்கிட்டாரு.”

“சம்மதந்தான. பெறகு என்ன?” என்பார் சித்தப்பா, பீடியைப் பற்ற வைத்தபடி.

கொரோனாவில் சந்தை மூடிக் கிடந்தது. அப்போதுதான் ஒரு நாள் கடைக்கு வந்து, “தாயி, ஆட்ட இதுக்குள்ள நிப்பாட்ட முடியுமா?” என்று போனைக் காட்டினார். முதலில் ஸ்டேட்டஸ் போட்டோம். பிறகு குரூப்பு. பிறகு சேனல். ஆட்டைப் பிடித்து நிறுத்துவது அவர், வீடியோ எடுப்பது நான். ஞாயிற்றுக்கிழமை கடையைச் சாத்திவிட்டு என் ஸ்கூட்டியில் கிராமம் கிராமமாகப் போவோம்.

அவர் வீடியோவில் பேசுகிற அழகு இருக்கிறதே! மற்றவர்கள் ஆட்டை விற்பார்கள். இவர் ஆட்டுக்கு உறவு சொல்லுவார். “இந்தா நிக்கிறாளே, கன்னி ஆட்டுல இவ பால்கன்னி. மூஞ்சில ரெண்டு வெள்ளைக் கோடு பாத்தீகளா? இவ ஆத்தா ரெண்டு தடவ மூணு குட்டி போட்டவ. இவ செத்த கோவக்காரி, புதுசா ஆளக் கண்டா முட்டுவா, பெறகு காலச் சுத்திக்கிட்டுக் கெடப்பா. நொண்டி இல்ல, கண்ணுல பீள இல்ல. காது மட்டும் ஒரு பக்கம் கிழிஞ்சிருக்கு, முள்ளுல மாட்டினது. அதையும் பாத்துக்கிடுங்க.” கிழிந்த காதைக் கேமராப் பக்கம் திருப்பிக் காட்டுவார். எல்லாம் சொல்லி முடித்து, “ஆட்டப் பாத்துட்டீக. வெலைக்குக் கைக்கு வாங்க” என்று கும்பிடுவார். வீடியோ முடிந்தது.

கோயம்புத்தூரில் இருந்தும் பொள்ளாச்சியில் இருந்தும் பார்க்கிறவன் கைக்கு எப்படி வருவான்? “விலை?”, “ரேட் ப்ளீஸ்” என்று கீழே வரிசையாகக் கேட்பார்கள். ஒருநாள் நான் சொன்னேன்: “சித்தப்பா, சேலை விக்கிறவுக எல்லாம் விலைக்குத் தனியா மெசேஜ் பண்ணுங்கன்னு போடுறாக. கேக்குறவுகளுக்கும் நமக்கும் மட்டுந்தான் தெரியும். வேற யாரும் பாக்க முடியாது.”

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. “அப்ப போனுக்குள்ளயும் ஒரு துண்டு இருக்குன்னு சொல்லு!”

அன்றிலிருந்து அப்படித்தான். விலை கேட்டு போன் வரும். “தாயி, செத்த வெளிய நில்லு” என்று என் கடையில் இருந்து என்னையே வெளியேற்றிவிடுவார். நான் வெயிலில் நின்று கண்ணாடி வழியாகப் பார்ப்பேன். இடது கையில் போன். வலது கை துண்டுக்குள். பொள்ளாச்சிக்காரர் அந்தப் பக்கம் பேசப் பேச, இவர் தன் விரலைத் தானே பிடித்துக்கொண்டிருப்பார், தொடை மேல், துண்டுக்கடியில். விரலைப் பிடிக்காமல் அவருக்கு வாயில் விலை வராது. பஸ்ஸுக்கு நிற்கிற சனம் என்னிடம், “என்னக்கா, உள்ள ஏதும் பஞ்சாயத்தா?” என்று கேட்கும். “இல்ல, ஆடு பேசுறாக” என்பேன்.

ஒரு தடவை தப்பு நடந்துவிட்டது. ஒரு பெரியவர் ரெண்டு கிடா விற்றார். வாங்குகிறவருக்கு அனுப்ப வேண்டிய வாய்ஸ் மெசேஜை, விலையோடு, சித்தப்பா குரூப்பில் போட்டுவிட்டார். ஊர் பூராவும் கேட்டுவிட்டது. நான் ஓடிப்போய் அழிப்பதற்குள் ரெண்டு பேர் அதை வேற குரூப்புக்கு அனுப்பியாயிற்று. மறுநாள் சித்தப்பா அந்தப் பெரியவர் வீட்டுக்கு நடந்தே போனார். பெரியவர், “அதுக்கென்னப்பா இப்ப, நல்ல வெலதான” என்று சிரித்தாராம். இவர் சிரிக்கவில்லை. தரகை வாங்காமல் வந்துவிட்டார். மூன்று நாள் கடைப் பக்கம் வரவில்லை. நாலாம் நாள் வந்து போனை என் முன்னால் வைத்தார்.

“இனிமே நான் பேசுறேன், நீ அமுக்கு. ஆனா கேக்காத.”

“கேக்காம எப்படி சித்தப்பா அமுக்க?”

“அமுக்குறதுக்குக் காது எதுக்கு?”

அன்றைக்குத்தான் நான் கோபமாகக் கேட்டேன், ஒரு விலையை வெளியே சொன்னால் உசுரா போய்விடும் என்று. டீயை ஆற்றிக் குடித்து முடித்தார். பிறகு சொன்னார்.

“எங்கய்யாவுக்கு ஒரு சோடி மாடு இருந்துச்சு. மழை இல்லாத வருசம். தீவனம் இல்ல. பிடிச்சுட்டுப் போயி வித்தாரு. அவருக்கு இருந்த நெருக்கடி, வந்த வெலைக்குக் குடுத்தாரு. வாங்குனவன் சும்மா போகல. சந்தைக்கு நடுவுல நின்னு, இந்தா பாருங்கப்பா, இந்த ரெண்டு மாடும் இவ்வளவுதான்னு கூப்பாடு போட்டுக் காட்டினான். சிரிச்சாக. அன்னைக்குச் சாயந்திரத்துல இருந்து எங்கய்யா பேரு மாறிப் போச்சு. அந்த வெலதான் பேரு. ஏலே, அந்த வெல வாரான் பாருலேன்னுதான் சொல்லுவாக. ஆறேழு வருசத்துல நல்ல மழை பேஞ்சு, வேற மாடு வாங்கினாரு, நெலங்கூட வாங்கினாரு. சாகுற வரைக்கும் அந்தப் பேரு போகல.”

என்ன விலை என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.

ஆனாலும் சேனல் சேனல்தானே. மல்லாங்கிணறுப் பக்கம் ஒரு தம்பி புதிதாக ஆரம்பித்தான். ஆட்டுத் தலைக்கு மேலேயே மஞ்சள் எழுத்தில் விலை. உயிர் எடை கிலோ இவ்வளவு, வண்டி வாடகை இவ்வளவு, எல்லாம் வெட்ட வெளிச்சம். ஆட்கள் அங்கே போனார்கள். நம் வீடியோவுக்குக் கீழே, “விலை சொல்லாதவன் ஆளைப் பார்த்து விலை வைக்கிறவன்” என்று எழுதினார்கள். “பிராடு” என்று ஒருத்தர். சித்தப்பாவுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும், மெதுவாக. அந்த வார்த்தையைக் கூட்டி வாசித்துவிட்டு, “இதுக்கு என்ன தாயி அர்த்தம்?” என்று கேட்டார். நான், “தெரியல சித்தப்பா” என்றேன். அவருக்குத் தெரிந்துவிட்டது.

போனும் வருவது குறைந்தது. ஆடு விற்கச் சொன்னவர்களே, “அந்தத் தம்பிட்ட ஒரு வார்த்த கேட்டுப் பாக்குறோம்” என்று இழுத்தார்கள். நான்தான் உட்கார்ந்து மல்லுக்கட்டினேன். காலம் மாறிவிட்டது, நாலு பேர் காதில் விழுகிற விலைதான் நியாயமான விலை என்று நம்புகிறார்கள், இப்படியே போனால் சேனலை மூட வேண்டியதுதான். கடைசியில், “சரி தாயி. வர்ற ஞாயித்துக்கெழம சொல்றேன்” என்றார்.

நான் அப்போதே எல்லா இடத்திலும் போட்டுவிட்டேன்: இந்த ஞாயிறு லைவ், முதன்முதலாக விலையோடு.

சனிக்கிழமை கடைக்கு வந்து பழகிப் பார்த்தார். பொய்யாக ஒரு ஆடு, பொய்யாக ஒரு விலை. சுவரைப் பார்த்து நின்று, “இந்த ஆட்டோட வெல…” என்பார். இருமல் வந்துவிடும். தண்ணி குடிப்பார். மறுபடியும் “இந்த ஆட்டோட வெல…” ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒரு வாத்தியார், “என்ன சார், பேச்சுப் போட்டியா?” என்று கேட்டுவிட்டுப் போனார். ஆடும் பொய், விலையும் பொய், அதைக்கூட அந்த மனுசனால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை போன இடம் திருச்சுழிக்குக் கிழக்கே ஒரு ஊர். புருசன் இல்லாத ஒரு அம்மா. ஏழு ஆடு, ஏழும் செங்கன்னி, மூஞ்சியில் வெள்ளைக்குப் பதில் செங்கோடு. அத்தனையும் விற்கிறார். மகளுக்கு மதுரையில் நர்சிங் காலேஜில் இடம் கிடைத்திருக்கிறது, புதன்கிழமைக்குள் பீஸ் கட்டியாக வேண்டும். போன வாரம் என் கடைக்கு வந்தாளே, அந்தப் பிள்ளை இவர் மகள்தான். அன்றைக்கு அவள் தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு ஆடுகளைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுப் பக்கம் டவர் கிடைக்காது என்று கண்மாய்க் கரைக்கு ஆடுகளை ஓட்டிப் போனோம். கண்மாயில் தண்ணி ஏது? சீமைக் கருவேலந்தான். போகிற வழியில் அந்த அம்மா எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

“தங்கச்சி, ஏழையும் வித்தாலும் பீசுக்குக் கொஞ்சம் பத்தாது. அத நான் பாத்துக்கிருவேன், தோடு இருக்கு. ஆனா பத்தலைங்கிறது எங்க கொழுந்தனுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா இன்னைக்குச் சாயந்திரமே நாலு பேரக் கூட்டிட்டு வந்துருவாரு. பத்தலையில்ல, படிப்ப நிப்பாட்டு, எம் மச்சினனுக்குப் பேசி முடிப்போம்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு. பீசு எவ்வளவுன்னு அவருக்குத் தெரியும். ஆடு எவ்வளவுக்குப் போச்சுன்னுதான் தெரியாது.”

இன்றைக்கு விலையோடு லைவ் என்று ஊருக்கெல்லாம் சொன்னது நான். சித்தப்பாவிடம் போய்ச் சொன்னேன். “தெரியும் தாயி” என்றார். காலையிலேயே துண்டை விரித்து, கொட்டையைத் தடவிப் பார்த்தாயிற்று. அந்த அம்மாவிடமும், இன்றைக்கு வாய்விட்டுத்தான் சொல்ல வேண்டியிருக்கும் என்று சொல்லியிருக்கிறார். “பரவால்லண்ணே” என்றிருக்கிறார் அந்த அம்மா.

வாங்க வந்தவர் மதுரைப் பக்கம் பண்ணை வைத்திருக்கிறவர். குட்டியானை வண்டியோடு நேரிலேயே வந்து நின்றார். வெள்ளைச் சட்டை, கூலிங் கிளாஸ். லைவில் முகம் தெரிய வேண்டும் என்று தலையைச் சீவிக்கொண்டார். நல்ல மனுசன்தான், விளம்பரப் பிரியர்.

லைவ் போட்டேன். அன்றைக்கு வந்த மாதிரி ஆட்கள் அதற்கு முன்னால் வந்ததே இல்லை. சித்தப்பா ஏழு ஆட்டையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். எது அமைதி, எது முட்டும், எது எத்தனை குட்டி போட்டது. கழுத்தில் மணி கட்டிய பெரிய ஆட்டைச் சொல்லும்போது, “இவ இந்தப் பிள்ள கையில வளந்தவ, கூப்பிட்டா வருவா. அங்க போயும் ரெண்டு நாளைக்குப் பேர் சொல்லிக் கூப்பிடுங்க” என்று பண்ணைக்காரரிடம் சொன்னார். அந்தப் பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டது.

பிறகு கும்பிடப் போன கையை நிறுத்திக்கொண்டார். கும்பிட்டால் முடிந்துவிடும், இன்றைக்கு முடிக்கக் கூடாதே.

கமெண்டு ஓட ஆரம்பித்தது. நான் வாசித்தேன். “விலை சொல்லுங்க அண்ணே.” “இன்னைக்காவது வாயத் தொறப்பாரா?” “துண்டுக்காரர் ராக்ஸ்.” “ரேட் ரேட் ரேட்.” அடுத்து வந்த ஒன்றை நான் வாசிக்கவில்லை. வட்டத்துக்குள் சின்னப் படம், முறுக்கு மீசை. பேரோடு இந்த ஊர்ப் பேரும் ஒட்டியிருந்தது, பார்த்தாலே தெரிந்தது.

“என்ன தாயி, நிறுத்திட்ட?”

அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார். “எங்க கொழுந்தனா?”

தலையை ஆட்டினேன். “ஏழும் எவ்வளவுக்குண்ணே முடியுது? சும்மா தெரிஞ்சுக்கத்தான்” என்று எழுதியிருந்தார், பக்கத்தில் கும்பிடுகிற கை பொம்மை வேறு.

மணி கட்டிய ஆடு தலையை உதறியது. அந்த அம்மாதான் முதலில் வாயைத் திறந்தார். “சொல்லிருங்கண்ணே. எங்களால உங்க பொழப்பு கெட வேணாம். வந்தாப் பாத்துக்கிறேன்.” குரல் திடமாகத்தான் இருந்தது. மகள் கயிற்றைக் கையில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள்.

பண்ணைக்காரர் ஒரு அடி முன்னால் வந்தார். “சொல்லுங்கண்ணே, லைவ்லயே முடிச்சிருவோம். நம்ம பண்ணைக்கும் ஒரு வெளம்பரம்.”

எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று போனில் கண் பொம்மை பக்கத்தில் காட்டுகிற நம்பர் இறங்கிக்கொண்டிருந்தது. நூறு நூறாகப் போகிறார்கள். மூணு வருச உழைப்பு. எனக்குப் பதறிவிட்டது. எல்லாம் தெரிந்த நானே, அந்த அம்மா காதில் சொன்னதைக் கேட்ட நானே, சொன்னேன்: “சித்தப்பா, ஆளுக போறாக. ஏதாச்சும் ஒண்ணு சொல்லிருங்க சித்தப்பா.”

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. தொண்டையைச் செருமினார். சுவரைப் பார்த்துப் பழகினாரே, அதே மாதிரி ஒரு தடவை, “இந்த ஆடுகளோட வெல…” என்று ஆரம்பித்தார். இருமல் வரவில்லை. அவராகவே நிறுத்தினார். லைவ் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதையே மறந்தவர் மாதிரி, எங்கள் கடையில் டீ குடித்துக்கொண்டு பேசுகிற குரலில் என்னிடம் சொன்னார்: “நம்ம சேனலு போனா இன்னொண்ணு ஆரம்பிச்சுக்கலாம். சொல்லிப்புடலாம் தாயி, சொல்றதுக்கு வாய் இருக்கு. சொன்ன பெறகு அதத் திருப்பி வாங்கிட்டு வர்றதுக்கு யாரு இருக்கா?”

தோளில் கிடந்த துண்டை எடுத்தார். ரெண்டு தடவை உதறினார். போனுக்கு முன்னால் வந்து, அத்தனை பேரையும் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, துண்டை ஸ்டாண்டு மேல் போட்டு, போன் தெரியாதபடி நாலு பக்கமும் இழுத்துவிட்டார். லைவை அணைக்கவில்லை. அதற்குள் இருந்தவர்களுக்கு இனிமேல் ஈரிழையும் மங்கின சிவப்புக் கரையும்தான். பிறகு, திரும்பிக்கொள்ளுங்கள் என்கிற மாதிரி எங்களைப் பார்த்தார். அந்த அம்மா மகளை இழுத்துக்கொண்டு கண்மாய்ப் பக்கம் திரும்பினார். குட்டியானையை ஓட்டி வந்தவர் திரும்பினார். நானும் திரும்பினேன், கொஞ்சம் தாமதமாக. அதனால் பார்த்துவிட்டேன். தரகுக்கு வந்த நாளில் இருந்து முதல் தடவையாக, மேலே ஒன்றும் போடாமல், அந்த வெயிலில், பண்ணைக்காரரிடம் வெறுங்கையை நீட்டினார்.